55 வயதும் ஒரு வீடும்: செமிலிங் வட்டாரத்தின் கதை

ரப்பர்த் தோட்டத்தில் ஒரு காலத்தில் 55 வயது என்றால் வேலையிலிருந்து நிற்கும் வயது. லயத்து வீட்டைக் காலி செய்யும் வயதும் அதுதான். பீடோங், செமிலிங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது நாற்பது வருடம் பால்மரம் சீவியவர், காலை ஆள்கணக்கான பெரட்டில் தம் பெயர் கூப்பிடப்படுவது நின்றதும் வீட்டையும் நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலையில் இருந்தால் அவர்கள் பெயரில் உள்ள வீட்டில் ஒண்டிக்கொள்ள முடிந்தது. அந்தக் கொடுப்பினை இல்லாதவர்கள் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வாடகை வீடு தேடினார்கள்.

இன்று மலேசியாவில் அதே 55 வயது வேறொரு கணக்கிலும் வருகிறது. சொந்த வீடுள்ள முதியவர் அந்த வீட்டில் குடியிருந்தபடியே அதை ஈடாக வைத்து, உயிருள்ளவரை மாதாமாதம் பணம் பெறும் திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயது 55. ஆங்கிலத்தில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்பார்கள். தமிழில் தலைகீழ் அடமானம் எனலாம். இளமையில் வீட்டுக்காக வங்கிக்கு மாதத் தவணை கட்டுகிறோம். இங்கே வீட்டுக்காக நிதி நிறுவனம் முதியவருக்கு மாதத் தொகை கொடுக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்றோ, வாரிசுகள் பணம் கட்டியோ கடன் தீரும்.

இந்தத் திட்டம் யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதைச் செமிலிங் போன்ற ஊரில் நின்று கேட்டால், பதில் வட்டி விகிதத்தில் தொடங்காது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதில் தொடங்கும்.

செமிலிங் கெடா மாநிலத்துச் சிறிய ஊர். பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் பாதையில், குனோங் ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில்தான் பழைய இரும்பு உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்த சுங்கை பத்து. சற்றுத் தள்ளி பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள். 1025இல் இராஜேந்திர சோழனின் படை வென்ற கடாரம் இந்தப் பகுதி என்று தமிழர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பழம்பெருமைக்கு 2013இன் இறுதியில் ஓர் அடி விழுந்தது. பதினொன்றாம் எண்ணிட்ட கோயில் அடித்தளத்தை வீடமைப்பு வேலைக்காக மண்வாரி இயந்திரம் தரைமட்டமாக்கியிருந்த செய்தி வெளியானது. அந்த நிலம் தனியாருடையது. அரசிதழில் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்படவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லையும் நில அலுவலகத்தில் பதிவான ஒரு தாள் வென்றுவிட்டது. இந்த வட்டாரத்தில் நிலத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

தமிழர்கள் இங்கே பெருந்திரளாக வந்தது ரப்பரோடு. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கை கெடாவைச் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாற்றியது. 1915இல் ரயில்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. கூலிமும் சுங்கைப் பட்டாணியும் பீடோங்கும் தோட்டங்களால் வளர்ந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டுக் கங்காணிகளின் பின்னால் கெடாவுக்குள் நடந்தார்கள். 1938இல் இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது தொடர்ந்தது.

தோட்டம் அவர்களுக்குக் கூலியும் கூரையும் சேர்த்தே கொடுத்தது. அதில்தான் பிடி இருந்தது. வேலை போனால் வீடு போகும். வேலைநிறுத்தத்தில் இறங்கினால் அன்றிரவு பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது என்ற கேள்வியும் வரும். 1946, 47ஆம் ஆண்டுகளில் ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் கெடாவின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியபோது, அதில் நின்ற தொழிலாளர்கள் கம்பெனி வீட்டில் குடியிருந்துகொண்டே கம்பெனியை எதிர்த்தார்கள். அந்தத் துணிச்சலை இந்தக் கண்கொண்டு பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

அந்தக் காலத்தில் கெடாவில் நிலத்தை வைத்துக் கடன் வாங்கும் வழிகள் இல்லாமல் இல்லை. இரண்டு வழிகள் செழிப்பாகவே இருந்தன.

ஒன்று மலாய் விவசாயிகளின் ஜுவால் ஜஞ்சி. நெல் நிலம் வைத்திருப்பவர் பணம் தேவைப்படும்போது நிலத்தை ஒருவருக்கு விற்றதாக எழுதிக் கொடுப்பார். குறித்த சில ஆண்டுகளுக்குள் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பும் என்பது வாக்கு. வட்டி என்ற பேச்சே எழாது. இஸ்லாம் அதை அனுமதிக்காது. விற்றவர் பெரும்பாலும் அதே நிலத்தில் உழுதுகொண்டு, வாங்கியவருக்குக் குத்தகை அளப்பார். கெடு தவறினால் நிலம் முழுவதும் கைமாறிவிடும், வாங்கிய தொகை நிலத்தின் மதிப்பில் ஒரு பங்காக இருந்தாலும் சரி. தஞ்சைச் சீமையின் ஒத்தியை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. நிலத்தின் அனுபவம் பணம் கொடுத்தவர் பக்கம், மீட்கும் உரிமை பணம் வாங்கியவர் பக்கம்.

மற்றொன்று செட்டியார் கிட்டங்கி. சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் போன்ற ஊர்களின் கடைத்தெருவில் பெட்டியடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நகரத்தார், நிலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். கெடாவில் அந்தப் பத்திரத்துக்குச் சூராட் புத்தூஸ் என்று பெயர். சிறு ரப்பர்த் தோட்டக்காரர், கடைக்காரர், நிலமுள்ள மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அவர்களிடம் போனார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தது. வட்டி கட்ட முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும் நிலை. மலாய்க்காரர் நிலம் மற்றவரிடம் போவதைத் தடுக்கக் கெடாவிலும் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அப்போது வந்தது. அந்த நிலங்களை மலாய்க்காரர் அல்லாதவர்களுக்கு விற்பதும் ஈடு வைப்பதும் முடங்கின. இன்றுவரை கெடாவில் நிலம் வாங்குகிற தமிழர் முதலில் விசாரிக்கிற கேள்வி, இது ஒதுக்கீட்டு நிலமா என்பதுதான்.

இந்த இரண்டு வழியிலும் தோட்டத் தொழிலாளிக்கு இடம் இல்லை. செட்டியாரும் தமிழர், கடன் தேவைப்பட்டவரும் தமிழர். ஆனாலும் பெட்டியடியில் நீட்ட அவரிடம் பத்திரம் இல்லை. மனைவியின் கழுத்து நகை, வளர்த்த மாடு, சம்பள நாளில் போடும் கூட்டு எனும் சீட்டுப் பணம் இவைதான் அவருடைய வங்கி. அந்தக் கூட்டையும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது; ஏமாற்றுகளைத் தடுக்கவே அந்தச் சட்டம் வந்தது என்றாலும், தோட்டத்து ஏழைக்கு அதற்கு மாற்றாக உடனே எதுவும் வந்துவிடவில்லை.

நிலம் பற்றிய விழிப்பு ஓர் அதிர்ச்சியோடுதான் வந்தது. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அந்தத் தலைமுறை இன்றும் வலியோடு சொல்வது இதைத்தான். துண்டுகளை வாங்கிய புது முதலாளிகளுக்குப் பழைய தொழிலாளர்களின் லயமோ பள்ளிக்கூடமோ கோயிலோ பொறுப்பாகப் படவில்லை. இதற்கு விடையாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம், ஆண்டு 1961. மலாயாத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய பொருளாதாரச் செயல் குறைவு. ஆனாலும் அதில் வாங்கப்பட்டது கூட்டு நிலம். பங்குதாரருக்குப் பங்குச் சான்றிதழ் கிடைத்தது. தன் பெயர் பொறித்த வீட்டு மனை கிடைக்கவில்லை.

அடுத்த அடி 1969இல். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் தமிழர்கள் தோட்டங்களை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். தங்கியவர்களில் ஒரு பகுதியினர் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தார்கள். பின்னாளில் வீட்டுத் திட்டமானாலும் கடன் திட்டமானாலும், விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே குடியுரிமை கேட்கப்படும்போது அவர்கள் வெளியே நின்றார்கள்.

தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்ற திட்டத்தை அரசு 1970களில் முன்வைத்தது. கம்பெனிகள் ஏற்றே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சில தோட்டங்களில் வீடுகள் எழுந்தன. பலவற்றில் பேச்சு பேச்சாகவே நின்றது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் லயங்களின் தரத்தைப் பற்றி விரிவாகப் பேசியது, உரிமையைப் பற்றி அல்ல. ஆகவே இந்த வட்டாரத்துத் தமிழர்கள் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியில்தான் வீட்டுக்காரர்கள் ஆனார்கள். பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். சேமநிதியிலிருந்து வீட்டுக்கென்று பணம் எடுக்க வழி பிறந்தது. தாமான் எனும் குடியிருப்புகளில் மலிவு விலை வீடுகள் கட்டப்பட்டன. அப்பாவின் சேமநிதியும் மகளின் சம்பளமும் சேர்ந்து ஒரு வரிசை வீடு வாங்கிய கதை, பீடோங் செமிலிங் பக்கம் எந்தத் தாமானிலும் கேட்கக் கிடைக்கும்.

அப்படி வாங்கியவர்கள்தான் இன்று முதியவர்கள். லயத்தில் பிறந்து தன் பெயரில் வீடு கண்ட முதல் தலைமுறை. அவர்களில் பலருக்குச் சேமநிதி கரைந்துவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார்கள். கையில் மிஞ்சிய ஒரே சொத்து வீடு. இந்த நிலைமைக்கென்றே உலகம் தலைகீழ் அடமானம் என்ற கருவியை வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் அதன் முதல் கடன் 1961இல் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். டீரிங் சேமிப்பு நிறுவனத்தின் நெல்சன் ஹேன்ஸ், தம் பள்ளிக்காலக் கால்பந்துப் பயிற்சியாளரின் விதவை நெல்லி யங் தம் வீட்டை விட்டுப் போகாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார். புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டதும் அதே ஆண்டு. அங்கே ஒரு விதவைக்கு இருந்த வீட்டைத் தக்கவைக்க வழி தேடினார்கள். இங்கே ஆயிரக்கணக்கானோர் காலூன்ற மண் தேடினார்கள்.

பிரான்சில் இதன் பழைய உறவினர் வியாஜே. 1965இல் ஆர்ல் நகரத்து ஜான் கால்மான் என்ற 90 வயது மூதாட்டியின் வீட்டை ராஃப்ரே என்ற வழக்கறிஞர், அவர் உயிருள்ளவரை மாதம் 2,500 ஃப்ராங்க் தருவதாக எழுதிக் கொடுத்து வாங்கினார். ராஃப்ரே 1995இல் இறந்தார். அந்த அம்மாள் 1997இல், 122ஆம் வயதில்தான் காலமானார். வீட்டின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வழக்கறிஞரின் குடும்பம் கட்டியிருந்தது. ஒருவர் எத்தனை காலம் வாழ்வார் என்று யாருக்கும் தெரியாது. அந்த அபாயத்தை ஏற்றுக்கொள்பவர் அதற்கு விலை கேட்பார். அமெரிக்க அரசின் காப்புறுதியோடு நடக்கும் திட்டத்தில் 62 வயது முதியவர் நுழையும்போதே வீட்டு மதிப்பில் இரண்டு விழுக்காட்டைக் காப்புறுதிக் கட்டணமாக எடுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். அங்கே ஆலோசகரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்காமல் கடன் கிடையாது. நல்ல விதி.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ப. சிதம்பரம் இதை அறிவித்தார். தேசிய வீட்டுவசதி வங்கி விதிகளை வகுத்தது: வயது 60, வீடு சுயமாகச் சம்பாதித்ததாக இருக்க வேண்டும், அதில் தானே குடியிருக்க வேண்டும். ஏற்பாடு சரியாகத்தான் இருந்தது. மக்கள்தாம் வரவில்லை. பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டிய வீட்டைத் தின்றுவிட்டான் என்ற பேச்சுக்குப் பயந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

மலேசியாவில் 1986இல் நிறுவப்பட்ட தேசிய வீட்டுக்கடன் நிறுவனமான காகமாஸ், 2020களின் தொடக்கத்தில் ஸ்கீம் சாராஆன் பெர்ச்சாகார் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. மலேசியக் குடிமகனாக, 55 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வீடு விண்ணப்பதாரர் பெயரில் இருந்து, அவர் அதில் குடியிருக்க வேண்டும். வயது கூடக் கூட, வீட்டு மதிப்பு உயர உயர, மாதத் தொகையும் உயரும். ஆயுள் முழுவதும் தொகை வரும். கடன் வீட்டு மதிப்பைத் தாண்டினாலும் மீதத்தை வாரிசுகள் தலையில் கட்டமாட்டார்கள்.

செலவுக்கு வருவோம். மதிப்பீட்டாளர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி எல்லாம் உண்டு. மலேசியாவில் கடன் பத்திர முத்திரை வரி பொதுவாக ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஐந்து ரிங்கிட். வீடு இன்னும் முதியவருடையதுதான் என்பதால் நிலவரி, நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரி, தீக் காப்புறுதி, கூரை ஒழுகினால் பழுது பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாதாமாதம் வரும் பணத்தைச் செலவழித்துவிட்டு வரியைக் கட்டாமல் விட்டால் ஒப்பந்தமே ஆட்டம் காணும்.

இவற்றைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. வட்டிக்கு வட்டி. மாதம் 1,000 ரிங்கிட், ஆண்டு வட்டி 5 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் கையில் வந்தது 1,20,000. கடன் ஏறத்தாழ 1,55,000. இருபது ஆண்டில் கையில் வந்தது 2,40,000. கடன் 4,11,000ஐத் தொட்டிருக்கும். முதல் பத்தாண்டில் 35,000ஆக இருந்த வட்டி, அடுத்த பத்தாண்டு முடிவில் 1,71,000. மாதத் தவணை கட்டிப் பழகிய மனம், கடன் குறைந்துகொண்டு வரும் என்றே நினைக்கும். இது வளர்ந்துகொண்டே போகும் கடன். கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே. இலவசமாகவே ஆலோசனை தருகிறது.

இனி செமிலிங் பக்கத்துக்கே உரிய சிக்கல்கள். மலிவு விலை வீடு வாங்கிப் பல ஆண்டு ஆன பிறகும் தனிக் கிராண்ட் எனும் நிலப் பத்திரம் கைக்கு வராதவர்கள் உண்டு. தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் கட்டிய வீடு உண்டு. அதை எந்த நிதி நிறுவனமும் ஈடாக எடுக்காது. பினாங்கு கம்போங் புவா பாலாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் 2009இல் வீடிழந்தது, வாழ்ந்த காலம் எவ்வளவு நீண்டாலும் பதிவில் பெயர் இல்லாவிட்டால் அது உரிமை ஆகாது என்பதால்தான்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் காணப்படுவது, இறந்துபோன கணவர் பெயரிலேயே கிடக்கும் கிராண்ட். மனைவிதான் வீட்டுக்காரி என்று ஊரே சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லாது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். பெற்றோர் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அம்மாவின் பெயருக்கு வீடு முழுவதும் வர வேண்டுமானால் பிள்ளைகள் எல்லாரும் தம் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் இதை நில அலுவலகத்திலேயே முடிக்கலாம். உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாததால் பதினைந்து இருபது வருடம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதற்குள் பிள்ளைகளில் ஒருவர் இறந்து, பங்கு பேரப்பிள்ளைகளுக்கு இறங்கி, சிக்கல் இரட்டிப்பாகிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு தடை மிஞ்சும். இந்தத் திட்டம் தலைநகர் வட்டாரத்தின் வீட்டு விலையை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. பெரிய நகரத்தில் நல்ல விலை போகும் வீட்டுக்குக் கிடைக்கும் மாதத் தொகை வாழ்க்கையைத் தாங்கும். கெடாவின் சிற்றூர் வரிசை வீட்டுக்கு, ஏற்றுக்கொள்ளப்பட்டாலும்கூட, கிடைப்பது மருந்துச் செலவுக்கே போதலாம், போதாமலும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுவது நல்ல வழியாக இருக்கும். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால் இங்கே அதற்கு வாய்ப்பும் உண்டு. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சிறிய வீட்டுக்கு மாறுவதும் ஒரு வழிதான். பிள்ளைகள் இல்லாதவருக்கும், விலை உயர்ந்த வீட்டில் தனியாக இருப்பவருக்கும் தலைகீழ் அடமானம் பொருந்தும். பிள்ளையோடு ஒரே கூரையில் வாழும் முதியவருக்குப் பொருந்தாது. அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை கடனை அடைக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். 55 வயதில் லயத்தைக் காலி செய்த குடும்பத்துக்கு அந்த நிலை மறுபடி வரக் கூடாது.

ஆகவே செமிலிங், பீடோங், மெர்போக் பக்கத்துப் பெரியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். எந்தத் திட்டத்தைப் பற்றியும் யோசிப்பதற்கு முன், சுங்கைப் பட்டாணியில் உள்ள கோல மூடா மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், சிறு கட்டணம் கட்டி, வீட்டு நிலத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, குத்தகை நிலமா நிரந்தர நிலமா, பழைய வங்கிக் கடன் இன்னும் நீக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இந்த ஆண்டே விண்ணப்பம் போடுங்கள்.